மூன்று பங்கு உள்ளே

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கெடிலத்தில் தண்ணீர் ஓடினால் அந்தத் தண்ணீர் மேல் சத்தியம். ஓடாவிட்டால் மணல் மேல் சத்தியம். மணலையும் யாராவது அள்ளிக்கொண்டு போயிருந்தால் அள்ளியவர் மேல் சத்தியம். கூட்டிச் சொல்லும் பழக்கம் கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கிடையாது. ஆறு பலாப்பழம் விழுந்திருந்தால் ஆறு என்றுதான் சொல்வோம். விழுந்தது ஏழு.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், வைகாசி மாதம், அண்ணாகிராமத்தில் ஒரு தோப்புக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு. பலா மரத்தடியில் மேடை போட்டுப் பஞ்சநாதனின் மெல்லிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. பஞ்சநாதன் கீபோர்டு. குழுவும் அவருடையது, வேனும் அவருடையது, கோபமும் அவருடையது. பேஸ் கிட்டார் வாசித்தவன் செம்பியன். பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பி. பாட்டுக்கு அடியில் கிடந்து தாங்குகிற வாத்தியம் அது. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்; இல்லாவிட்டால் பாட்டு தரையில்லாத வீடு மாதிரி ஆகிவிடும். செம்பியன் கையில் ஒரு கோளாறு இருந்தது. சில சுரம் எழும்பவே எழும்பாது. சில சுரம் சேற்றிலிருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி வரும். அன்றைக்கு இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டினான். சவுண்ட் சர்வீஸ் சடையப்பனின் பெரிய ஸ்பீக்கர் நடுவில் ‘டர்’ரென்று கிழிந்தது. மரம் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ஏழு பழம் இறங்கியது. ஆறு தரையில். ஏழாவது, பஞ்சநாதன் போன வாரம் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க் மேல்.

திரும்பி வரும்போது வேனில், நெல்லிக்குப்பம் தாண்டியதும் பஞ்சநாதன் பேசினார்.

“செம்பியா, எனக்கு எத்தினி கை?”

“ரெண்டு மாமா.”

“வலது கை பாட்டு வாசிக்குது. இடது கை சும்மாதான் கெடக்குது. அத வெச்சி கீபோர்டுலயே பேஸ் வாசிக்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா?”

“இல்ல மாமா.”

“ஆவணில ப்ரீத்திக்கு ரிசப்ஷன். எம் பொண்ணு. சிதம்பரத்துல. மாப்ள வூட்டு ஜனம் அறுநூறு பேரு. அன்னிக்கு வர்றவங்கள கும்புட எனக்கு ரெண்டு கையும் வேணும். கீபோர்ட நெய்வேலி ஆளு ஒருத்தன் பாத்துக்குவான், அவன் இடது கை அவ்ளோ பத்தாது. அதனால அன்னிக்கு வரைக்கும் நீ வாசி. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தூக்கலா வந்துச்சி, மறுநாள்லேர்ந்து எல்லா மேடையிலயும் என் இடது கைதான். நீ ஒன் பாய்லரோட குடும்பம் நடத்து.”

செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதான் என்று சடையப்பன் பிற்பாடு சொன்னான். பலாப்பால் கண்ணில் பட்டது என்று செம்பியன் சொன்னான்.

அவனைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மீதி விளங்கும். செம்பியன் பயந்தவன். வாரத்தில் ஆறு நாள் குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் ஆப்பரேட்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவனை நிற்க வைத்து, தலைக்கு மேலே கூரைத் தகட்டில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அழுத்தமானியைப் பார்க்காமல் டீ குடித்துவிட்டார். ஒரு இரும்பு மூடி அந்த வழியாக வெளியே போனது. ஏழு வருஷம் கழித்துக் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக்காட்டில் கிணறு வெட்டினபோது கிடைத்தது என்கிறார்கள். மூடியில் தொழிற்சாலைப் பெயர் இருந்ததால் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஓட்டையை இன்றுவரை அடைக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக. மற்றவர்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள். செம்பியன் பதினொரு வருஷமாகப் பழகவில்லை. வீட்டில் பெண்டாட்டி வெண்மதி குக்கர் வைத்தால் தெருவில் போய் நிற்பான். மூன்றாவது விசில் அடித்து, அவள் அடுப்பை அணைத்து, “வாங்க, செத்துடுச்சி” என்று கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவான். அவன் பயமில்லாமல் நிற்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது: பஞ்சநாதன் மேடையில், டிரம்ஸுக்கு இடது பக்கம், மூன்றடிக்கு மூன்றடி. அதுதான் இப்போது போகப் பார்த்தது.

வழி சொன்னவன் சடையப்பன். கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுக் காகிதம் ஒட்டிக்கொண்டே சொன்னான்.

“மச்சான், ஒனக்கு ஒரு கம்ப்ரெஸர் பெடல் வேணும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுல வெக்கிறது. நீ எருமயாட்டம் அடிச்சாலும் அமுக்கிடும். பூனயாட்டம் தடவுனாலும் தூக்கி வுட்டுடும். எல்லா சுரமும் ஒரே ஒசரம்.”

“அமுக்கும்னா?”

“அமுக்கும்னா அமுக்கும்டா.”

செம்பியன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அமுக்குவது என்ற சொல்லே அவனுக்கு ஆகாது.

கடலூரில் கம்ப்ரெஸர் என்று கேட்ட இடத்திலெல்லாம் அவனை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் அனுப்பினார்கள். கடைசியில் பாண்டிக்கு பஸ் ஏறினான். கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து மூன்று பெட்டி எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு.

“இது லீடு கிட்டாருக்கு. பேஸ போட்டீங்கன்னா அடிச்சத்தத்த தின்னுடும், மேல இருக்கறதுதான் கேக்கும். வேணாம். இதுல ஏழு திருகாணி. வாசிக்கிறதா, திருவுறதான்னு ஆயிடும். இதான் ஒங்களுக்கு.” நீல நிறத்தில், மூன்று திருகாணியோடு ஒன்றைத் தள்ளினார். “மொதோ திருகாணி, எவ்ளோ அமுக்கணும்னு. ரெண்டாவது, எவ்ளோ சீக்கிரம் புடிக்கணும்னு. பேஸுக்கு இத கொஞ்சம் மெதுவா வெய்ங்க. வெரல் படுற சத்தம் வெளிய போனப்பறம் அமுக்கணும். ஒடனே அமுக்குனா பஞ்சு மூட்டய அடிச்சாப்ல இருக்கும். மூணாவது, அமுக்குனதுல கொறஞ்சத ஏத்தி வெளிய வுடுறதுக்கு.”

கடைச் சுவரில் பிளக்கிலிருந்து தொங்கிய ஒரு கறுப்பு ஒயரைப் பெட்டியின் முதுகில் சொருகினார். செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தார். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. செம்பியன் ஒரு அடி பின்னால் போனான்.

கடைக்காரர் ஒரு பேஸ் கிட்டாரை எடுத்து மெதுவாக ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு. இரண்டும் ஒரே அளவில் வந்தன, இரட்டைப் பிள்ளை மாதிரி. செம்பியன் கிட்டாரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எப்பிடி சார் இது?”

“நாலுக்கு ஒண்ணு. அளவுக்கு மேல நீங்க நாலு பங்கு அடிச்சா ஒரு பங்குதான் வெளிய வரும்.”

“மீதி மூணு பங்கு?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறார். யாரும் கேட்டதில்லை.

“உள்ளதான் இருக்கும்,” என்றார், பில் புத்தகத்தைத் தேடியபடி.

“சேஃப்டி வால்வு எங்க சார்?”

“என்னாது?”

“இல்ல சார், ஒண்ணுல்ல.”

ஒண்ணுமில்லாமல் இல்லை. பாண்டியிலிருந்து கடலூர் வரை ஒரு மணி நேரம், மடியில் அந்தப் பெட்டியோடு செம்பியன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். நாலு பங்கு உள்ளே போகிறது. ஒரு பங்கு வெளியே வருகிறது. மூன்று பங்கு தங்குகிறது. எரிகிற பாய்லரில் மூன்று பங்கு நீராவியைத் தங்க விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கூரையில் ஓட்டை சாட்சி. வாங்காமல் வந்திருக்கலாம். ஆனால் வாங்காவிட்டால் பஞ்சநாதனின் இடது கை. இரண்டு பயத்தில் எது சின்னதோ அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

பெடலை எப்படிக் கையாள்வது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தொழிற்சாலைச் சட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அழுத்தம் இருக்கிற பாத்திரத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. ஆகவே அவன் ஒருநாளும் அதை மிதிக்கவில்லை. கிட்டார் ஒயரை ஒரு பக்கமும் ஆம்ப் ஒயரை மறு பக்கமும் செருகிவிட்டு, மூன்றடி தள்ளி நிற்பான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட வேண்டும். ஆகவே விளக்கு எரியாமல் இருக்கிறதா என்று பாட்டுக்குப் பாட்டு குனிந்து பார்ப்பான். எரியவில்லை. அவ்வளவில் ஒரு நிம்மதி.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, தேவனாம்பட்டினத்து முத்தம்மாள் மீன் கூடையை வாசலில் இறக்கினாள். செம்பியன் பெட்டியை அவள் தராசுத் தட்டில் வைத்தான்.

“இன்னாய்யா இது, நீல மீனு?”

“எட எவ்ளோன்னு பாரு முத்தம்மா.”

நானூறு கிராம். முத்தம்மாள் தராசு பொய் சொல்லாது, முத்தம்மாளே சொல்லியிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரில் ஒரு காதுகுத்து. செம்பியன் ஒவ்வொரு சுரத்தையும் தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுக்கிற மாதிரி எடுத்தான். ஓங்கித் தட்டினால் உள்ளே மூன்று பங்கு ஏறும். எவ்வளவு குறைவாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. அதே சமயம், ஒரேயடியாகத் தடவினால் சத்தம் எடுபடாமல் பஞ்சநாதன் முறைப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. பயத்தில் வியர்த்தபடி அந்தக் கோட்டின் மேலேயே நடந்தான். மிக்ஸரில் சடையப்பன் முன்னால் இருந்த, சத்தத்தை அளக்கிற ஊசி எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“மச்சான், ஊசி ஆடவே இல்லடா! செத்துப் போச்சான்னு தட்டிப் பாத்தன். என்னா பொட்டிடா அது!”

பஞ்சநாதன்கூட ஒரு தடவை தலையை ஆட்டினார். செம்பியனுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஊசி ஆடவில்லை என்றால் பெட்டி அமுக்குகிறது. பெட்டி அமுக்கினால் உள்ளே ஏறுகிறது. எவ்வளவு பாராட்டோ அவ்வளவு ஆபத்து.

மறுநாள் முத்தம்மாள் தராசில் நானூற்று எழுபது.

ஆனி முழுக்க, ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் மேடைகள் முழுக்க இப்படியே போனது. தொழிற்சாலையில் மணிக்கொரு தரம் அழுத்தம் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதினான். முதுநகர்: ஐந்நூற்று நாற்பது, இளஞ்சூடு. திருப்பாதிரிப்புலியூர்: அறுநூற்று இருபது, சூடு. ஆடி கடைசி வெள்ளி: எழுநூற்றுப் பத்து, அடிப்பக்கத் தகடு உப்பல். உப்பலைக் கண்டுபிடித்தது எப்படி என்றால், பெட்டியைத் தரையில் வைத்துச் சுண்டினான். பம்பரம் மாதிரி இரண்டு சுற்று சுற்றியது. தட்டையான பொருள் சுற்றாது.

முத்தம்மாள் ஒரு கையால் தராசைத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையை இடுப்பில் வைத்தாள். “ஏம்மா வெண்மதி, இந்தப் பொட்டி மாசமா இருக்குது. எத்தினாம் மாசம்னு தெரியல. வூட்ல வெச்சிக்காத தாயி.”

வெண்மதி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரச் சாக்கு சுற்றி வைத்திருந்தான் பெட்டியை. அதன் மேல் காதை வைத்துக் கேட்டான். பாய்லர் அறையில் நெருப்பு பிடித்த பிறகு, தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால், ஒரு சத்தம் வரும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, பல்லுக்குத் தெரியும். அதே சத்தம்.

“நீ கேட்டுப் பாரு.”

வெண்மதி குனிந்து காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“கேக்குதா?”

“நீங்க முனவுறதுதான் கேக்குது.” பிறகு எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, “இவ்ளோ பயமா இருந்தா எதுக்குங்க? தூக்கிப் போட்டுட்டு வாங்க. பாட்டு இல்லாம எத்தினி பேரு இருக்காங்க?”

செம்பியன் சாக்கை மறுபடி நனைத்தான். அவளுக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து வருகிறவனையும் மற்ற நாள் தொழிற்சாலையிலிருந்து வருகிறவனையும் அவள்தான் வாசலில் பார்க்கிறாள்.

ஆவணி மூன்றாம் ஞாயிறு. காலையில் தராசு தொள்ளாயிரம் காட்டியது. முத்தம்மாள் பெட்டியைத் தட்டிலிருந்து எடுக்க மாட்டேன் என்றாள், செம்பியனே எடுத்தான். ஐஸ் வைத்த எவர்சில்வர் தூக்கில் இறக்கி, மூடியைத் திறந்தே வைத்து, மடியில் அணைத்தபடி வேனில் ஏறினான். வெண்மதியும் கல்யாணத்துக்கு வந்தாள். குடிகாடு தாண்டும்போது வேலை மாறும் சங்கு ஊதியது. பெட்டி தூக்குக்குள் லேசாக நகர்ந்து பதில் சொன்னது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர், ஒவ்வொரு வேகத்தடைக்கும் செம்பியன் சீட்டிலிருந்து ஒரு சாண் எழுந்து, தூக்கைத் தூக்கிப் பிடித்து, தன் உடம்பாலேயே அதிர்ச்சியை வாங்கிக்கொண்டான்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வேன் மெதுவாகப் போனது. ஜன்னல் திறந்திருந்தது. கீழே தண்ணீர். கையை நீட்டினால் போதும். ஒரு விநாடியில் ஒரு பயம் தீரும். இடது கைப் பயம் மட்டும் இருக்கும், அதில் யாரும் சாக மாட்டார்கள். செம்பியன் தூக்கைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

“பொட்டிய பத்தரமா வெச்சிக்க மச்சான்,” என்றான் பின்சீட்டிலிருந்து சடையப்பன். “இன்னிக்கி நாம பொழைக்கிறது அதாலதான். மாமா நேத்து ஃபோன் பண்ணி மூணு தடவ கேட்டாரு, பொட்டி வருதான்னு.”

பாலம் முடிந்துவிட்டது.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் கல்யாண மண்டபம். ரிசப்ஷன் மாடியில். அறுநூறு பேர். இறங்குவதற்குப் படி ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு பேர் உரசாமல் போக முடியாத அகலம். செம்பியன் நுழைந்ததும் பார்த்தது அதைத்தான். தீயணைக்கத் தொங்கவிட்டிருந்த நான்கு மணல் வாளியையும் கழற்றிக்கொண்டுவந்து, பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றிலும் அடுக்கினான்.

பட்டு வேட்டியில் பஞ்சநாதன் வந்து பார்த்தார். “என்னாடா இது? மேடையில பொங்கலு வெக்கப் போறியா?”

“எர்த்து மாமா,” என்றான் சடையப்பன், அவசரமாக.

செம்பியன் வெண்மதியிடம் போய், “நீ கடைசி வரிசையில, படிக்கட்டு ஓரமா ஒக்காரு,” என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நேராக நடந்து வந்து முதல் வரிசையில், மணல் வாளிக்கு எதிரே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் அந்தக் கோட்டின் மேல் அன்றைக்கு நடந்தது மாதிரி என்றைக்கும் நடந்ததில்லை. ஒன்பது பாட்டு. ஒரு சுரம் துள்ளவில்லை, ஒரு சுரம் அமுங்கவில்லை. வரவேற்பில் நின்றிருந்த பஞ்சநாதன் கும்பிட்ட கையோடு இரண்டு தரம் மேடையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை, பேஸ் வாசிப்பவர் யார் என்று ப்ரீத்தியிடம் கேட்டது மைக்கில் கேட்டது. செம்பியனுக்கு வாளிகளுக்குள் மணல் மெல்ல உதறுவது மட்டும் தெரிந்தது. மணல்மேல் பொடி வட்டங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வட்டம் கூடியது.

பத்தாவது, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கேட்ட குத்துப்பாட்டு. ஆட ஆரம்பித்தார்கள். தரை ஏறி இறங்கியது. மணி ஏழரை. பாட்டு உச்சத்துக்குப் போன இடத்தில் கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போவது செய்தி இல்லை. ஜெனரேட்டர் வரும் என்று எல்லாரும் நின்றார்கள். வரவில்லை. ஜெனரேட்டர்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலையில் பாயசம் விழுந்த நேரம். இருட்டில் ஒரு குழந்தை அழுதது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. யாரோ ஒருவர், “ஒயரு எரியிற நாத்தம் அடிக்குது!” என்று கத்தினார். அது சாம்பிராணி. ஆனால் அறுநூறு பேரில் முந்நூறு நாற்காலி ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தது. கூட்டம் படிப்பக்கம் சாய்ந்தது. படியில் ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள்.

செம்பியன் அந்த இருட்டில் அதைவிடப் பெரியதொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தான். பாய்லர் அறையில் கரண்ட் போனால் முதல் சட்டம்: ஓடாதே. எல்லாம் நின்றுவிடும், உள்ளே இருக்கிற அழுத்தம் மட்டும் நிற்காது, ஏறும். யாராவது ஒருவர் வால்வுக்குப் போக வேண்டும். கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்துவிட வேண்டும். கூரையின் ஓட்டை அவன் தலைக்கு மேலே நின்றது. கூரைக்குக் கீழே முதல் வரிசையில் வெண்மதி இருந்தாள்.

வாளிகளுக்கு நடுவில் மண்டியிட்டான். இருட்டில் திருகாணி அகப்படவில்லை. பெட்டி சுட்டது, நிஜமாகவே, தோசைக்கல் மாதிரி. மூன்றாவது திருகாணி, வெளியே விடுகிறது. கால் சுற்று திறந்தான். நீராவிக்கு வழி வேண்டும். இன்னொரு கையால் கம்பியைத் தட்டினான்.

வந்தது.

ஆம்பில் விளக்கு இல்லை, ஸ்பீக்கரில் உயிர் இல்லை, சடையப்பன் கைவசம் ஒரு டார்ச்கூட இல்லை. ஆனாலும் மண்டபத்தின் தரையிலிருந்து அது எழுந்தது. கனமாக, நிதானமாக, ஒரே உயரத்தில். முதலில் காடாம்புலியூரில் அமுக்கின மூன்று பங்கு. செம்பியனுக்குத் தன் சுரம் தெரியாதா? பிறகு முதுநகர். கால் சுற்று. திருப்பாதிரிப்புலியூர். கால் சுற்று. கூழ் ஊற்றிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரிசையாக வந்தது. எங்கேயாவது ஒரு சுரம் துள்ளினால் வெடிக்கும். துள்ளவிடாமல், எண்ணி எண்ணி விட்டான்.

படியில் இருந்தவர்கள் நின்றார்கள். பாட்டு நடக்கிறது என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? “கச்சேரி நடக்குதுப்பா, எதுக்கு ஓடுறீங்க?” என்றது ஒரு குரல். “குழந்தய மிதிச்சிடப் போறீங்க, ஒக்காருங்க,” என்றது இன்னொன்று. நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. அழுத குழந்தை ஏப்பம் விட்டது. பதினொரு நிமிஷம். இதை நம்பாதவர்கள் சிதம்பரம் போய் விசாரிக்கலாம். கீழே பந்தியில் இருந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை என்பார்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பேச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஜெனரேட்டர் பாயசத்தை முடித்துக்கொண்டு வந்தது. விளக்கு எரிந்தபோது செம்பியன் பெட்டியின் மேல் கவிழ்ந்திருந்தான். வலது கைவிரல் இரண்டில் ரத்தம். பெட்டி வெள்ளரிக்காய் மாதிரி குளிர்ந்திருந்தது. வெண்மதி மேடை ஏறி வந்து, எல்லார் எதிரிலும், முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். “வாங்க,” என்றாள். “செத்துடுச்சி.”

பஞ்சநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடது கையைத் தூக்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம் பொண்ணு கல்யாணத்துல பொணம் வுழாம காப்பாத்திட்ட. கரண்ட் போயும் வாசிச்ச ஆள நான் பாத்ததில்ல மாப்ள. இந்தக் கைய இனிமே பாக்கெட்டுலயே வெச்சிக்கறன்.”

அப்படியே வைத்துக்கொண்டார். செம்பியன் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெட்டியை மூன்றடி தள்ளி வைத்து, மிதிக்காமல், அதே கோட்டின் மேல் வாசித்தான். கல்யாணத்துக்கு மறுநாள் முத்தம்மாள் தராசில் அது சரியாக நானூறு கிராம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தை மாதம், தானே புயலில் நனைந்த சாமான்களைக் காயவைத்தபோது வெண்மதி அந்தப் பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றினாள். பேட்டரி போடுகிற குழியில், ‘பேட்டரி தனியாக வாங்கவும்’ என்ற கடைச் சீட்டு ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.